குரோம் புண் என்றுதான் நினைத்தோம்

என் தம்பிக்குக் காய்ச்சல் தொடங்கியது கார்த்திகை தீபத்துக்கு அடுத்த திங்கட்கிழமை. காலை ஷிப்டுக்குப் போனவன் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டான். தோல் பதனிடும் டேனரியில் சேர்ந்த நாளிலிருந்து அவன் ஒரு ஷிப்டைப் பாதியில் விட்டு வந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் கிழமை மனத்தில் தங்கிவிட்டது.

கிழமையும் தேதியும் எனக்கு இயல்பாகவே தங்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை. யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று பார்ப்பதே பிழைப்பு. பாலாற்றில் தண்ணீர் வந்த நாள், எங்கள் தெருவுக்குச் சாக்கடை போட்ட நாள், பஸ் கட்டணம் ஏறிய நாள் எல்லாம் கேட்டால் சொல்வேன். தம்பிக்கு இது பெரிய தமாஷ். "அண்ணா, இப்ப தும்மினேன் பாரு, தேதி போட்டு வெச்சுக்கோ" என்பான். அந்தத் திங்கட்கிழமையும் போர்வைக்குள்ளிருந்து அதையேதான் சொன்னான். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் ஒரே வீட்டின் இரண்டு பகுதிகளில் குடியிருந்தோம். முன்பக்கம் நான், பின்பக்கம் அவனும் அவன் மனைவியும். மகள் ஓசூரில் வேலையில் இருந்தாள். தம்பி டேனரியில் ட்ரம் செக்‌ஷன். வீட்டறை அளவு பெரிய மரப் பீப்பாய்கள் குரோம் உப்பு கரைத்த தண்ணீரோடு தோல்களைப் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கும். உருண்டு முடிந்ததும் நீலம் பாரித்த ஈரத் தோல்களை வெளியே இழுத்துப் போட வேண்டும். அதுதான் அவன் வேலை. கையுறை கொடுப்பார்கள். அது கிழிந்தபிறகு அடுத்தது வரும்வரை வெறுங்கைதான். அந்தச் செக்‌ஷனில் உள்ள எல்லோருக்கும் கைகளில், முழங்காலுக்குக் கீழே, குரோம் தின்ற புண்கள் இருக்கும். சின்னதாக, வட்டமாக, நடுவில் குழிந்து, ஓரம் தடித்து. வலிக்காது. ஆறவும் நாளாகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். ஊரில் அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ட்ரம் செக்‌ஷன் ஆட்கள் வேலை லுங்கியை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். அந்த நாற்றம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் காலியாகிவிடும், வீட்டில் ஏறினால் சோறு இறங்காது. ஷிப்டு முடிந்ததும் பின்பக்கக் குழாயில் குளித்து, லுங்கியை அலசி, டேனரிக்கும் ஆற்றுக்கும் நடுவில் மண்டிக்கிடக்கும் கருவேலம் புதர்மேல் விரித்துவிட்டு, நல்ல துணி மாற்றிக்கொண்டு வருவார்கள். மறுநாள் காலை அதையே எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். இது நேற்று இன்று வந்ததில்லை. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவனும் முதல் நாளே தனக்கென்று ஒரு புதரைப் பிடித்துக்கொள்வான்.

செவ்வாயும் புதனும் பாராசிட்டமாலில் போயின. தலைவலி தாங்க முடியவில்லை என்று தலையில் துணியைக் கட்டிக்கொண்டான். நிலவேம்புக் கசாயம் கொடுத்தோம். வியாழக்கிழமை தெருமுனை டாக்டரிடம் அழைத்துப்போனோம். நான், தம்பி, அவன் மனைவி மூன்று பேரும். ரத்தம் எடுத்ததில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. மழைக்காலம், டெங்கு எங்கும் இருந்தது. டாக்டர் அதைத்தான் முதலில் நினைத்தார். ஆனால் அவர் அலட்சியக்காரர் இல்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உடம்புல எங்கியாச்சும் கருகின மாதிரி புண்ணு இருக்கா? சிகரெட்டால சுட்ட மாதிரி?"

தம்பி இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினான். "எது வேணும் டாக்டர்? நல்லதா பாத்து செலக்ட் பண்ணிக்கோங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். தம்பி மனைவி, "கால்ல இன்னும் ஜாஸ்தி சார், லுங்கியத் தூக்கட்டுமா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் செய்த முதல் கிண்டல் அது.

டாக்டர் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "இது குரோம்தான்" என்றார். அது குரோம்தான். அவர் பார்த்ததில் தவறில்லை. ஊசி போட்டு, மாத்திரை எழுதி, ஞாயிற்றுக்கிழமை திரும்ப வரச் சொன்னார்.

சரியான கேள்வியைத்தான் கேட்டார். மதுரையிலோ தஞ்சாவூரிலோ ஒரு விவசாயியிடம் கேட்டிருந்தால், இல்லை என்றோ இதோ என்றோ பதில் வந்திருக்கும். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு உடம்பு முழுவதும் பதில் இருந்தது.

ஒரு புண் மட்டும் இடுப்பில் இருந்தது. லுங்கி முடிச்சு விழும் இடத்துக்குக் கீழே, இடது பக்கம். அவன் மனைவி அதைக் காய்ச்சலுக்கு முந்தைய வாரமே பார்த்திருக்கிறாள். "முடிச்சுல குரோம் தண்ணி நின்னு புண்ணாயிட்சு" என்று தம்பி சொன்னான். அப்படியும் புண் வருவதுண்டு. அவள் மஞ்சள் குழைத்துப் போட்டாள். டாக்டர் கேட்டபோது அதைச் சொல்லத் தோன்றவில்லை. கையில் இருப்பதும் அதுவும் ஒன்று என்று நினைத்தவர்கள் எதற்காகத் தனியாகச் சொல்வார்கள்?

ஞாயிறு காலை மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தது. அவன் விரலில் எண் மிகக் குறைவாகக் காட்டியதும், அது கெட்டுப்போயிருக்கும் என்று என் விரலில் மாட்டினேன். என் விரலில் சரியாகக் காட்டியது.

ஆம்புலன்ஸில் வேலூருக்குப் போனோம். மாதனூர் தாண்டும்வரை பேசிக்கொண்டிருந்தான். "திங்கக்கெழம லோடு இருக்குது அண்ணா, மேஸ்திரிகிட்ட சொல்லிடு" என்றான். விரிஞ்சிபுரம் வரும்போது கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். வயது முப்பது இருக்கலாம். அவர் எங்களிடம் எதுவும் கேட்பதற்கு முன்பே தம்பியின் சட்டையைக் கழற்றினார். கக்கத்தைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார். லுங்கி முடிச்சை அவிழ்த்தார். அங்கே நின்றுவிட்டார்.

"இது எவ்ளோ நாளா இருக்கு?"

"அது குரோம் மேடம்" என்றாள் தம்பி மனைவி. "டேனரில எல்லாருக்கும் இருக்கும்."

டாக்டர் விரலால் புண்ணைச் சுற்றி அழுத்தினார். கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பிறகு தொடை இடுக்கில் தொட்டுப் பார்த்தார். அங்கே நெறி கட்டியிருந்தது. "இல்லம்மா. இது கடி."

"எது கடிச்சது?"

"ஒரு பூச்சி. கண்ணுக்குத் தெரியாது."

காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டார். நான் சொன்னேன். மருந்தை நரம்பில் ஏற்றச் சொல்லிக்கொண்டே, "ரெண்டு மூணு நாள் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியம் இன்றுவரை எனக்குள் முடியாமல் கிடக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்து, டாக்டர் சொன்ன நோயின் பெயரை ஃபோனில் போட்டுப் படித்தேன். ரெஜிஸ்டர் பார்த்தே பிழைத்தவனுக்கு ஆபத்து வந்தாலும் படிக்கத்தான் தெரியும். தமிழில் இதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். ஆட்டிலும் நாயிலும் கொழுத்துத் தொங்குமே, அந்த உண்ணியால் வரும் காய்ச்சல்கள் வேறு. மேற்கு மலைக்காடுகளில் குரங்குகள் செத்து விழ, பின்னாலேயே மனிதருக்கு வருகிற உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று. இதுவோ ஒரு சிற்றுண்ணியின் குஞ்சால் வருவது. புல்லிலும் புதரிலும் இருக்கும். அதற்கு வேண்டியது எலியும் மூஞ்சூறும். நடுவில் மனிதன் உட்கார்ந்தால், படுத்தால், துணி காயவைத்தால், அவன்மேல் ஏறிக்கொள்ளும். கடித்த இடம் வலிக்காது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களைச் சாய்த்த காய்ச்சல் இதுதான். காட்டு நோய், மலை நோய் என்று நினைத்திருந்தார்கள். இப்போது மழை முடிந்த குளிர்மாதங்களில் எங்கள் சமவெளி முழுக்க இருக்கிறது. இதற்கான மாத்திரை பழையது, எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது. ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

கடைசி வரியைத் தம்பி மனைவியிடம் சொல்லவில்லை. ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மூச்சுக்கு டியூப் போட்டார்கள். அதற்கடுத்த நாள் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று டயாலிசிஸ் தொடங்கினார்கள். மகள் ஓசூரிலிருந்து வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையும் மாலையும் ஒருவர் உள்ளே போய்ப் பார்க்கலாம். போனவர் வந்து அடுத்தவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. "அப்படியேதான் இருக்கான்" என்பதே நல்ல செய்தி என்று பழகிக்கொண்டோம்.

அந்த வாரம் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். இந்த நோய் எங்கே, எப்படிப் பரவுகிறது என்று ஊர் ஊராகப் பார்ப்பது அவர் வேலை. மரியாதையாகப் பேசினார். வீட்டில் ஆடு உண்டா, விறகு பொறுக்கப் போவாரா, வயலில் உட்காருவாரா என்று தம்பி மனைவியிடம் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"துணி எங்க காயவைப்பீங்க?"

"மாடியில, கொடியில."

"வேலைக்குப் போட்டுட்டுப் போற துணி?"

"அத நான் வீட்டுக்குள்ள விடமாட்டேன் சார். அங்கியே பொதர்ல..."

அவள் பேச்சு அங்கே நின்றது. அவர் எழுதிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவள் முகம் மெல்லச் சுருங்கிற்று.

"நான்தான் எடுத்துட்டு வராதன்னு சொன்னேன்" என்றாள். "கல்யாணம் ஆன புதுசுல. நாத்தம் தாங்கலன்னு சொன்னேன். எடுத்துட்டு வந்தா வெளியவே நில்லுன்னேன்."

"எல்லா வீட்டுலயும் அப்படித்தாம்மா" என்றேன். "அவன் சேர்றதுக்கு முன்னாடியே அங்க காயவெச்சாங்க. நீ சொல்லலன்னாலும் அங்கதான் போட்டிருப்பான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த இளைஞரைப் பார்த்துக் கேட்டாள். "இதெல்லாம் கேக்குறீங்களே, இதனால அவருக்கு இன்னா ஆவும்?"

அவர் பேனாவை மூடினார். பொய் சொல்லியிருக்கலாம். "அவருக்கு இதனால ஒண்ணும் ஆவாதும்மா. அடுத்து வர்றவங்களுக்கு."

"அடுத்து வர்றவங்க எனக்கு எதுக்கு?" என்றாள். கத்தவில்லை. "எனக்கு அவருதான் வேணும். அத எழுதிக்கோங்க."

எழுந்து கண்ணாடிக் கதவருகே போய் நின்றுகொண்டாள். இளைஞர் தாழ்ந்த குரலில், அந்தப் புதரைக் காட்ட முடியுமா என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதுதான் காரணம். அங்கே போய் எதையாவது பிடித்துவிட்டால் இங்கே ஏதாவது நடக்கும் என்பதுபோல ஒரு பைத்தியக்கார நினைப்பும் இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்திருந்தது. கடைகளில் நட்சத்திரங்கள் இன்னும் தொங்கின. டேனரியின் பின்பக்கம் குழுவினர் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார்கள். புதர்கள்மேல் வரிசையாக லுங்கிகள். தம்பியின் புதர் எது என்று எனக்குத் தெரியாது. அவனோடு ட்ரம்மில் ஜோடியாக வேலை செய்தவர் காட்டினார். வாய்த்துடுக்குக்காரர். வேலை நிறுத்தம் என்றாலும் கல்யாணம் என்றாலும் அவர் குரல்தான் முதலில் கேட்கும்.

"இன்னா அண்ணா, லுங்கி மேல கேசா?" என்றார். எலிக்கூண்டுகளைப் பார்த்ததும், "எலி புடிக்கவா வேலூர்ல இருந்து வந்தீங்க? எங்கூட்டுக்கு வாங்க சார், டிபன் போட்டுப் புடிக்க வெக்கிறேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு என்னருகே வந்து மெதுவாக, "எழுந்துருவான் இல்ல?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

கூண்டு வைப்பது தவிர இன்னொன்றும் செய்தார்கள். உள்ளங்கையளவு கறுப்புத் தகடுகளைப் புதரடியில் தரையில் வைத்தார்கள். காத்திருந்தோம். அந்த இளைஞர் ஒரு தகட்டை எடுத்து லென்ஸை என்னிடம் கொடுத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, கறுப்பின்மேல் மிளகாய்ப்பொடி சிந்தியதுபோல ஆரஞ்சு நிறப் புள்ளிகள். பார்த்துக்கொண்டே இருந்தேன். பொடி நகர்ந்தது.

"இதுவா?"

"இந்த வகைதான் சார். ஆனா எல்லாத்துலயும் கிருமி இருக்காது. எதுல இருக்குன்னு லேப்ல பாத்தாத்தான் தெரியும்."

ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது. தம்பி ஆறடி ஆள். ஈரத் தோலை ஒற்றை ஆளாக இழுத்துப் போடுகிறவன்.

லென்ஸ் கையில் இருக்கும்போதே ஃபோன் வந்தது. தம்பி மனைவி. "மாமா, எங்க இருக்கீங்க? டாக்டரு உங்களக் கூப்புடச் சொல்றாங்க." பின்னால் மகள் அழும் சத்தம் கேட்டது. குழுவின் வண்டியிலேயே கிளம்பினோம். பள்ளிகொண்டா டோலில் நின்ற வரிசை இன்னும் கண்ணில் இருக்கிறது. முன்னால் கரும்பு லாரி ஒன்று நகராமல் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது மெஷின்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை, மார்கழி. அவனுக்கு வயது நாற்பத்தாறு.

அதற்குப் பிறகு டேனரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். குழுவினர் வந்து படம் காட்டிப் பேசினார்கள். ஷெட்டுக்குள் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். கோடை முழுக்க எல்லோரும் கம்பியில்தான் போட்டார்கள். மழை முடிந்து பனி இறங்கியதும் ஷெட்டுக்குள் துணி காயவில்லை. ஈர லுங்கியைக் காலையில் கட்டிக்கொள்ள யாராலும் முடியவில்லை. ஒவ்வொருவராகப் புதருக்குத் திரும்பினார்கள்.

நான் ஷிப்டு விடும் நேரத்தில் கேட்டுக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். யாருக்காவது காய்ச்சலா, இடுப்பில், கக்கத்தில் புண் இருக்கிறதா என்று கேட்பேன். முதலில் மரியாதைக்குப் பதில் சொன்னார்கள். பிறகு என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். "வந்துட்டாருடா, லுங்கிய இறுக்கிப் புடிச்சுக்கோ" என்று தம்பியின் ஜோடிக்காரர் கத்துவார். எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாளும் போவேன்.

பொங்கலுக்கு முன்பு ஒரு காலை ஜோடிக்காரரின் மனைவி ஃபோன் செய்தார். "ரெண்டு நாளா காய்ச்சல் அண்ணா. ஒடம்பக் காட்டுன்னா அடிக்க வர்றாரு. நீங்க வாங்க."

போனேன். பாயில் சுருண்டு கிடந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "பேஜாரு புடிச்ச மனுசன், ஊட்டுக்கே வந்துட்டாரு" என்றார். "கட்டின பொண்டாட்டியே இத்தினி தபா கேட்டதில்ல." ஆனாலும் சட்டையைக் கழற்றினார். கையெல்லாம் குரோம் புண். வலது கக்கத்தில் தனியாக ஒன்று. கறுத்து, ஓரம் சிவந்து. அவர் அதுவரை அதைப் பார்த்திருக்கவே இல்லை.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அதே தெருமுனை டாக்டரிடம் போனோம். அவர் கக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாத்திரை எழுதினார். மூன்றாம் நாள் ஜோடிக்காரர் தெருவில் நடந்து போவதைப் பார்த்தேன். டீக்கடையில் நின்று யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

சந்தோஷப்பட வேண்டும். பட முடியவில்லை. அவர் சிரிக்கும் சத்தம் காதில் விழுந்ததும் நடையைத் திருப்பினேன். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அவரும் இன்னும் சில நாள் படுத்துக் கிடந்திருக்கக்கூடாதா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பையில் ஆப்பிள். ஜோடிக்காரர் அன்று கிண்டல் எதுவும் பேசவில்லை. தம்பி படத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தம்பி மனைவி காபி கொண்டுவந்தாள்.

"ஆஸ்பத்திரில எத்தினி நாள் இருந்தீங்க அண்ணா?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குலாம் போவலம்மா." அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "மாத்திரைதான் குடுத்தாரு."

"ஊசி?"

"ஊசிகூட இல்ல."

"இன்னா மாத்திரை அது? காட்டுங்க."

அவர் தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். பாதிக்குமேல் காலியான அட்டை. அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அச்சடித்திருந்த எழுத்தைப் படிக்கப் பார்த்தாள். காலிக்குழிகளை விரலால் தடவினாள். ஜோடிக்காரரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இவ்ளோதானா?" என்றாள்.

அட்டையை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னும் இருக்குது பாருங்க. நடுவுல உட்றாதீங்க, முழுசாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம் எதுவும் இல்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகும் அது நிற்கவில்லை.